எட்டாம் பக்கத்து வீரன்

என் முட்டாள்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் அதற்குள் உங்களுக்கு என்மேல் மரியாதை வந்துவிடும் அபாயம் இருக்கிறது. நாற்பது வருஷத்துக்கும் மேலாக நான் ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொன்னதைக்கூட விடுங்கள், நன்றாகச் சொல்லித் தொலைத்தேன். சுமாராகச் சொல்லியிருந்தால் ஜனங்கள் மறந்திருப்பார்கள். நான் சொன்ன அழகில், சிங்கப்பூரில் தேக்கா பக்கத்து நூலகம் ஒன்றில் ஐம்பது நாற்காலி போட்டு, சனிக்கிழமை மத்தியானம் அதைக் கேட்பதற்கென்றே ஆள் கூட்டிவிட்டார்கள்.

பொய் இதுதான். இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவித்து, எதிர்த்தவர்களை உள்ளே தள்ளி, அச்சுக்குப் போகும் ஒவ்வொரு வரியையும் தணிக்கைக்கு அனுப்பச் சொன்ன காலம். நான் காவிரிக் கரையில் ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வயதுக் கவிஞன். என் நண்பன் ஒரு சிற்றிதழ் நடத்தினான். பதினாறு பக்கம், முந்நூறு பிரதி. அதற்கு நான் அரசாங்கத்தைச் சாடி ஒரு கவிதை எழுதினேன். தணிக்கை அதிகாரி அதைச் சிவப்பு மையால் மேலிருந்து கீழ்வரை அடித்துவிட்டார். அந்த இடத்தில் வேறெதையும் போட மறுத்து, எட்டாம் பக்கத்தை வெறுமையாகவே விட்டோம்.

இதில் எவ்வளவு நிஜம் என்று கேட்டால், எட்டாம் பக்கம் வெறுமையாக இருந்தது நிஜம். அதோடு சரி.

இந்தக் கதையை நான் சிங்கப்பூரில் முதன்முதலாகச் சொன்னது புக்கிட் மேராவில், பெண் பார்க்க வந்த வீட்டில். பெண்ணின் அப்பா, "தம்பி என்ன பண்றீங்க?" என்றார். "கவிதை எழுதுறேன்" என்றேன். வீட்டில் யாரோ தவறிப்போன செய்தி வந்ததுபோல் ஓர் அமைதி. பெண்ணின் அம்மா மின்விசிறியைக் கூட்டி வைத்தார். நிலைமை கைமீறிப் போகிறதே என்று எட்டாம் பக்கத்தை எடுத்துவிட்டேன். சிவப்பு மை வரும் இடத்தில், தட்டோடு நின்ற பெண் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்காக இன்னும் இரண்டு அரசாங்கங்களை எதிர்க்கக்கூட நான் தயாராக இருந்தேன்.

பிறகு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. புணர்ச்சி விதி எடுக்கப் போகும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். "சார், அந்த போலீஸ் ஸ்டோரி சொல்லுங்க சார்." சொல்வேன். பிள்ளைகள் புணர்ச்சியிலிருந்து தப்பித்தார்கள், நான் வீரனானேன், எல்லாருக்கும் நல்லதுதானே. வருஷத்துக்கு ஒரு சம்பவம் கூடிக்கொண்டே போனது. நான் ஓய்வு பெறும்போது போலீஸ் எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருந்தது. ஒரு முறை நான் கொல்லைச் சுவர் ஏறிக்கூடக் குதித்திருந்தேன். எங்கள் வீட்டில் கொல்லையே கிடையாது.

நடந்ததை இப்போது சொல்கிறேன்.

அப்பா தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தா. நானும் அரசு வேலைக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பக்கத்துத் தெருவில் ஒருவரைப் போலீஸ் விடியற்காலையில் கூட்டிக்கொண்டு போன செய்தி வந்ததிலிருந்து எனக்கு வயிறு சரியில்லை. இதழில் எட்டாம் பக்கத்தை எனக்காக ஒதுக்கி வைத்துவிட்டு நண்பன் காத்திருந்தான். பகலில் தனியார் பள்ளியில் வாத்தியார், சாயங்காலத்தில் அச்சகத்தில் தானே எழுத்துக் கோப்பான். நான் அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தது இருபத்து நான்கு வரி. அதில் இரண்டை இன்னும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்:

கடிகாரம் பார்த்துவரும் ரயிலைக் கண்டேன்
கைகட்டி வரிசையிலே ஊரைக் கண்டேன்

ஆமாம், பாராட்டுக் கவிதை. அவன் நின்றுகொண்டே படித்தான். மை படிந்த விரலால் தாளின் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தான்.

"இதை நான் போட மாட்டேன்டா."

"பக்கம் காலியாப் போயிடும்."

"போகட்டும்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். இதழ் வந்தது. எட்டாம் பக்கத்தில் எண் மட்டும் இருந்தது. நாலாவது நாள் இன்ஸ்பெக்டர் அவனைக் கூப்பிட்டனுப்பி, "காலியா விட்டா எதிர்ப்புன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறார். சட்டைப் பையில் இருந்த என் கவிதையை எடுத்துக் காட்டியிருந்தால், தேநீர் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அவன் காட்டவில்லை. நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தான். பள்ளிக்கூட வேலை போயிற்று.

அந்த நாற்பத்தொரு நாளும் நான் எங்கே இருந்தேன்? மாமா வீட்டில், வயிற்றுவலியோடு. வலி நிஜமாகவே இருந்தது, அதை மட்டும் நம்புங்கள்.

பிறகு தேர்தல் வந்தது, ஆட்சி விழுந்தது. மறுநாள் காலை எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் அந்த ஆட்சியை ஆதரித்த ஆள் ஒருவர்கூட மிச்சமில்லை. எங்கே போனார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. நெருக்கடி நிலை தந்த ஒழுக்கத்தின் மேன்மை பற்றி ஏழு கூட்டங்களில் முழங்கிய கல்லூரிப் பேராசிரியர், "நான் பேசியது அத்தனையும் வஞ்சப்புகழ்ச்சி. புகழ்வதுபோல் இகழ்ந்தேன். அணியிலக்கணம் படிக்காதவர்களுக்கு எப்படிப் புரியும்?" என்றார். கவியரங்கில் நன்றிப்பா வாசித்த கவிஞர், அன்றைக்கே தன் குரலில் ஒரு சோகம் இழையோடியதை யாரும் கவனிக்கவில்லையே என்று வருத்தப்பட்டார். எட்டாம் பக்கத்துக்குத்தான் பெரிய கிராக்கி. வெறும் தாள், யார் வேண்டுமானாலும் குடியேறலாம். ஒரு நாவலாசிரியர், தன் நாவலின் முதல் மூன்று அத்தியாயங்கள் அங்கே வரவேண்டியிருந்தது என்றார். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் வருகிற அளவு அந்தப் பக்கம்.

வெற்றிக் கூட்டத்தில் நான் மூன்றாவதாகப் பேசினேன். முன்னால் பேசிய இருவரும் எட்டாம் பக்கத்தைத் தங்களுடையது என்று சொல்லிவிட்டுப் போனதைக் கேட்டு எனக்கு ரோஷம் வந்துவிட்டது. என்ன இருந்தாலும் அது எனக்கென்று ஒதுக்கிய பக்கம் அல்லவா! அங்கேதான் சிவப்பு மை முதலில் என் வாயில் வந்தது. கைதட்டல் அடங்கியபோது திரும்பிப் பார்த்தேன். மேடை ஓரத்தில் என் நண்பன் மைக் ஒயரின் சிக்கலை எடுத்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

அடுத்த வருஷம் இங்கே வந்து, கல்யாணமாகித் தங்கிவிட்டேன். அவன் கடிதம் எழுதினான். நான் பொங்கல் வாழ்த்து அனுப்பினேன். ஊருக்குப் போகிறபோதெல்லாம் எல்லாத் தெருவுக்கும் போவேன், அவன் தெருவைத் தவிர.

இத்தனை வருஷம் கழித்து, என்னிடம் முன்பு படித்து இப்போது தானும் தமிழாசிரியையாக இருக்கும் ஒரு பெண், தன் வாசகர் வட்டத்தில் என்னைப் பேச அழைத்தாள். எங்கோ இணையத்தில் அந்த இதழின் நகலையே கண்டுபிடித்துவிட்டாள். போஸ்டரில் பெரிதாக எட்டாம் பக்கம், வெள்ளை வெளேரென்று. அதன் கீழே என் படம். தாடையில் கைவைத்து நான் எதையோ சிந்திப்பதுபோல் இருக்கும். என்ன சிந்தித்தேன் என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு மதியம் மீன் தலைக் கறி.

"போஸ்டர் ஓகேயா சார்?"

"எதுக்கும்மா இதெல்லாம்" என்று எழுதி அனுப்பிவிட்டு, இன்னும் இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"டேய். நான்தான். உட்லண்ட்ஸ்ல மக வீட்டுக்கு வந்திருக்கேன். சனிக்கிழமை உனக்குக் கூட்டமாமே? மக போன்ல காட்டுனா. படத்துல நல்லா இருக்கடா."

நண்பனின் குரல் கொஞ்சம்கூட மாறவில்லை. எனக்கு உடனே வயிற்றை வலித்தது.

புதன்கிழமை எம்ஆர்டி ரயில் பிடித்துப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை. 'ஒரு விஷயம் சொல்லணும்டா' என்று ஆரம்பிப்பதா, 'மன்னிச்சுக்கோ' என்று ஆரம்பிப்பதா? அவன் மகள் வீட்டு அடுக்குமாடி புளோக்கின் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். பேரன் தொப்பியோ என்னவோ, தலையில் நீலத் தொப்பி. என்னைப் பார்த்ததும் எழுந்து, என் வயிற்றில் ஒரு குத்து விட்டான்.

"என்னடா, ஊர்ல பாதி இங்க இருக்கு!"

சிங்கப்பூர்க்காரனாக்கும் என்று காட்ட, "ரெண்டு தே ஓ கோசோங்" என்றேன் கடைக்காரரிடம்.

"என்னடா அது?"

"பாலும் இருக்காது, சீனியும் இருக்காது."

"அப்ப என்னதான்டா இருக்கும்?"

"தேயிலைத் தண்ணி."

"அதைச் சொல்ல இவ்வளவு பேச்சா?"

ஒன்றரை மணி நேரம் பேசினோம். என் ரத்த அழுத்தம், அவன் கண்புரை, தினமும் காலையில் பாலம் தாண்டி மலேசியப் பக்கம் ஜொகூருக்கு வேலைக்குப் போகும் அவன் மருமகன், எங்கள் புளோக்கில் மின்தூக்கி மாற்றிய கதை. மின்தூக்கியைப் பற்றி மட்டும் இருபது நிமிஷம் பேசியிருப்பேன். கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "சனிக்கிழமை கூட்டத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"நல்லாப் பேசு. எனக்கு முன் வரிசையில இடம் போடு. காது மந்தமாயிடுச்சு."

அவ்வளவுதான். என் தைரியம் அந்தத் தேநீரில் பாலும் சீனியும் இருந்த அளவுக்குத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று முழுக்கக் கணக்குப் போட்டேன். பழைய கதையைச் சொன்னால், அதைப் பொய்யென்று தெரிந்த ஒரே மனுஷன் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பான். உண்மையைச் சொன்னால், அவன் இத்தனை நாள் சபையில் சொல்லாமல் வைத்திருந்ததை நானே எடுத்துப் போட்டதாகிவிடும். இரண்டில் எதைச் செய்தாலும் அவன் எழுந்து போய்விடலாம். எங்கள் இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. எழுந்து போனால் அப்புறம் திரும்பி வருவதற்கு நாள் கிடைக்குமா?

வியாழக்கிழமை காலை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெங்காயம் இருந்தால் எதற்கு அழுகிறாள் என்று நான் குழம்பவேண்டியதில்லை. அவள் அழவில்லை. கத்தியை மட்டும் நிறுத்தினாள்.

"அப்ப நான் யாரைக் கட்டிக்கிட்டேன்?"

"ஒரு பயந்தாங்கொள்ளியை."

"அது தெரியும் லா. பல்லிக்கே நாற்காலி மேல ஏறுற ஆளு. நீங்க போலீசுக்குப் பயப்படலன்னு எப்படி நம்புனேன்னுதான் யோசிக்கிறேன்."

மறுபடியும் இரண்டு வெங்காயம் உரித்தாள்.

"அவரு எத்தன நாளு உள்ள இருந்தாரு?"

"நாற்பத்தொண்ணு."

"நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"இல்ல."

அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். புக்கிட் மேராவில் பார்த்த அந்தப் பார்வைக்கு நேர் எதிரான பார்வை. எழுபது வயதில் அதைத் தாங்குவது கஷ்டம்.

"கவிதையை விடுங்க. இதைச் சொல்லுங்க அங்க."

சனிக்கிழமை. எண்ணி ஐம்பது பேர் இருந்திருப்பார்கள். முன்வரிசையில் அவனும் அவன் மகளும். அவர்களுக்குப் பின்னால் என் மனைவி, கைப்பையை மடியில் கேடயம்போல் வைத்துக்கொண்டு. என் பழைய மாணவி செந்தமிழில் என்னை அறிமுகம் செய்தாள். அதில் வந்த மனிதரை எனக்கே சந்திக்க வேண்டும்போல் இருந்தது. பிறகு எதிர்பாராமல், "அந்த இதழின் ஆசிரியரே இன்று நம்மிடையே இருக்கிறார்" என்று மைக்கை அவனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

அவன் எழுந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"எட்டாம் பக்கம் இவனுக்காகத்தான் வச்சிருந்தது. இவன் கவிதை அதுல வரல. மத்தபடி எனக்கு இப்ப ஒண்ணும் ஞாபகம் இல்லம்மா."

உட்கார்ந்துவிட்டான். சொன்னதில் முதல் இரண்டு வாக்கியமும் சத்தியம். மூன்றாவது எனக்காகச் சொன்ன பொய். அதற்கும் கைதட்டினார்கள்.

நான் எழுந்து மைக்கைப் பிடித்தேன். வாய் பழகிய வழியில் போகும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். "அது ஓர் இருண்ட காலம்" என்று ஆரம்பித்துவிட்டேன். நான் ஆரம்பிக்கவில்லை, வாய் ஆரம்பித்தது. அச்சகம் வந்தது, தணிக்கை அதிகாரி வந்தார், பேனாவைத் திறந்தார். அப்போது முன்வரிசையைப் பார்த்தேன். என் நண்பன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து வைத்து, கழுத்தை முன்னால் நீட்டி, ஒரு வார்த்தை தவறிவிடக் கூடாதே என்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கேலி இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கொஞ்சமும் இல்லை.

"சிவப்பு மை எதுவும் கிடையாது" என்றேன்.

கூட்டம் இன்னும் ஆவலாக நிமிர்ந்து உட்கார்ந்தது. இது கதையில் ஒரு திருப்பம் என்று நினைத்திருப்பார்கள்.

"தணிக்கை அதிகாரியை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை. நான் எழுதியது பாராட்டுக் கவிதை." பேச்சோடு பேச்சாக ரயிலையும் வரிசையையும் ஒப்பித்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டு, "மிச்ச வரிங்களும் ஞாபகம் இருக்கா?" என்றார். மோனை அவருக்குப் பிடித்திருக்கும்போல. நானும் சிரித்தேன். சிரித்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இதுவரை எல்லாவற்றையும் அப்படித்தானே சமாளித்திருக்கிறேன். என் மனைவி கைப்பையின் கொக்கியை டக்கென்று ஒரு முறை திறந்து மூடினாள்.

"அந்தக் கவிதையைப் போட மாட்டேன்னு சொன்னது இவர். அதனால்தான் பக்கம் காலி. அதுக்காக நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தவரும் இவர்தான். வேலை போனதும் இவருக்குத்தான். நான் மாமா வீட்டில் இருந்தேன். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கவில்லை. வெளியே வந்தபிறகும் போகவில்லை."

என் மாணவி பக்கத்தில் வந்து மெல்ல, "சார், ரிக்கார்ட் ஆகிட்டிருக்கு" என்றாள்.

"ஆகட்டும்மா."

 வருஷக்கணக்காக வகுப்பில் சொன்ன கதையின் உண்மை இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. நண்பன் காதிலிருந்து கையை எடுத்திருந்தான். தொப்பியை முழங்காலில் வைத்து அதன் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தான். அவன் மகளோ என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, ஜெயில்ல இருந்தீங்களா? நாற்பத்தொரு நாளா?"

"மழைக்காலம்மா அது. வெளியவும் ஒழுகிட்டுதான் இருந்துச்சு."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஊரில் எல்லாரும் வீரர்களாகிக்கொண்டிருந்தபோது, நிஜமாகவே உள்ளே இருந்த ஆள் தன் பெண்ணிடம்கூட அதைச் சொன்னதில்லை.

கூட்டம் கலைந்தபிறகு, என் மனைவியும் அவன் மகளும் எங்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு, காய்கறி வாங்குகிறோம் என்று தேக்கா சந்தைக்குள் போய்விட்டார்கள். நாங்கள் பஃபலோ ரோட்டில் ஒரு பூக்கடை ஓரமாக நின்றோம். வெயில் சாய்ந்திருந்தது. வெளிநாட்டுத் தொழிலாளிகள் மறுநாள் விடுமுறையை நினைத்து உற்சாகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் ஒரு கனகாம்பரச் சரத்தை எடுத்து, விலையைக் கேட்டு, திடுக்கிட்டுத் திரும்ப வைத்தான்.

"மககிட்டகூட ஏன்டா சொல்லல?"

"அதைச் சொன்னா உன்னையும் சொல்லணும்ல."

பூக்கடைக்காரர் எங்கள்மேல் படாமல் தண்ணீர் தெளிப்பதற்காக ஒதுங்கச் சொன்னார். ஒதுங்கினோம்.

"போலீஸ்கிட்ட அந்தத் தாளைக் காட்டியிருக்கலாமேடா. அன்னைக்கே விட்டிருப்பானுங்க."

"காட்டியிருந்தா அடுத்த இதழ்ல போடுன்னு சொல்லியிருப்பான். உன் பேரைப் போட்டு. அப்புறம் நீ எந்த மூஞ்சியோட கவிதை எழுதியிருப்ப?"

அதற்குப் பிறகு நான் எழுதிய கவிதைகளை வைத்துப் பார்த்தால் நாற்பத்தொரு நாள் ரொம்ப அதிகம். அதை அவனிடம் சொல்லி அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாகக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, எனக்கு நேரம் கொடுத்தான். சந்தை வாசலில் அவன் மகள் முருங்கைக்காய்க் கட்டோடு வருவது தெரிந்தது. அவள் வந்துவிட்டால் உட்லண்ட்ஸுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

"டேய், என்மேல இன்னும் கோபமா?"

"கோபம்தான், நாளைக்கும் வா."